மொட்டை மாடி உள்ளவனுக்குத்தான் கதிரவனா?

2024ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் 22ஆம் நாள். அயோத்தியிலே கோவில் திறப்பு. அந்த ஆரவாரம் அடங்குமுன், தில்லி திரும்பிய பிரதமர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஒரு கோடி வீடுகளின் மொட்டை மாடியிலே சோலார் தகடு பதித்து, கதிரொளியிலிருந்து மின்சாரம் எடுக்கப்போகிறார்களாம்! நல்ல செய்திதான். ஆனால் அந்த நல்ல செய்தியைச் சொல்வதற்கும் சூரிய குலத்து இராமன் துணைக்கு அழைக்கப்பட்டான்.

கதிரவனுக்குக் குலம் உண்டா, தோழர்களே? பதினைந்து கோடி கிலோமீட்டர் கடந்து, எட்டு நிமிடத்தில் நம்மை வந்தடையும் ஒளி அது. அக்கிரகாரத்தில் முதலில் விழுந்து சேரியில் பிறகு விழுவதில்லை. எவன் தலையில் படுகிறோம் என்று கோத்திரம் கேட்டுப் படுவதில்லை. கதிரவன் கேட்காத கேள்வியை, கதிரவன் பெயரால் வந்த திட்டம் கேட்கிறது: “உனக்குச் சொந்தமாக மொட்டை மாடி இருக்கிறதா?”

அடுத்த மாதமே திட்டம் உருப்பெற்றது. மொத்தம் 75,021 கோடி ரூபாய். மூன்று கிலோவாட் அளவுக்குத் தகடு பதிப்பவருக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி இடம் வேண்டும். மூன்று கிலோவாட்டுக்கு முந்நூறு சதுர அடி! நம் நகரங்களிலே எத்தனை உழைப்பாளிகளின் வீடு முழுவதுமே முந்நூறு சதுர அடி இருக்கும்? குடும்பமே குடியிருக்க இல்லாத இடத்தை, தகட்டுக்கு எங்கிருந்து கொடுப்பான் ஏழை?

நாம் சோலார் தகட்டுக்குப் பகைவர்கள் அல்லர். முப்பந்தலின் காற்றாலைகளைக் கண்டு மகிழ்ந்தவர்கள். 2016இல் கமுதியில் 648 மெகாவாட் கதிரொளி நிலையம் எழுந்தபோது பெருமைப்பட்டவர்கள். நிலக்கரிப் புகையினும் கதிரொளி நன்று என்பதற்குப் பட்டிமன்றம் தேவையில்லை. நம் கேள்வி வேறு. தூய மின்சாரம் யார் வீட்டு வாசலில் நிற்கிறது? யாரைத் தாண்டிச் செல்கிறது?

வாடகை வீட்டிலே வாழ்பவனைப் பாருங்கள். 2016 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரு திங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சட்டப்படி அவனுக்கும் உண்டு. நடப்பில்? வீட்டுக்காரர் தனி மீட்டர் ஒன்றைச் சுவரில் பொருத்தி, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கிக்கொள்வதைப் பல தெருக்களிலே காண்கிறோம். இலவச மின்சாரமே குடியிருப்பவன் கைக்கு வராதபோது, மாடியிலே விளையும் மின்சாரமா வந்துவிடும்? மாடி வீட்டுக்காரருடையது, மானியம் வீட்டுக்காரருடையது, வெயில் மட்டும் பொதுவுடைமை!

இது சிறிய அநீதி. இதனினும் பெரிய அநீதியொன்று உண்டு. அதன் பெயர் தூரம்.

* * *

தீண்டாமை என்பது என்ன? தொடக்கூடாது என்பது மட்டுமா? அது ஒரு தூரக் கணக்கு. இன்னார் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், இன்னார் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், உழைப்பதற்கு மட்டும் உள்ளே வரலாம், பொழுது சாய்ந்தால் வெளியேறிவிட வேண்டும் என்பது அதன் விதி. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தையே பிளந்து வைத்த சூழ்ச்சி அது. மனுவின் ஏடு அழிந்தாலும் அந்த அளவுகோல் அழியவில்லை. சென்னையின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் தெரியும்.

2000ஆம் ஆண்டு கண்ணகி நகர் தொடங்கிற்று. 2004இல் ஆழிப்பேரலை அடித்த பிறகு செம்மஞ்சேரி வந்தது. 2015 வெள்ளத்திற்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்தோரை அள்ளிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களில் இறக்கினார்கள். கண்ணகி நகரில் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். நகரின் நடுவிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்! மீன் விற்றவள், பாத்திரம் துலக்கியவள், மூட்டை சுமந்தவன், குப்பை வாரியவன் ஆகிய அனைவரையும் அவர்களுடைய தொழில் இருக்கும் இடத்திலிருந்து பிடுங்கி, தொழில் இல்லாத இடத்திலே நட்டார்கள். புதிய பெயர்: மறுகுடியமர்வு. பழைய பெயரை நான் சொல்ல வேண்டுமா?

“ஆற்றங்கரையில் ஆபத்து, பாதுகாப்புக்காகத்தான் மாற்றினோம்” என்பார்கள். வெள்ளம் பொய்யன்று, கரையிலே குழந்தைகளோடு நனைந்தவர்கள் அதை அறிவார்கள். ஆனால் கொண்டுபோய் விட்ட இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம்! 2022இல் உலகச் சிறப்புள்ள ஈரநிலம் என்று ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நிலத்தின் அண்டை. செம்மஞ்சேரி மக்கள் மழைக்காலந்தோறும் முழங்கால் நீரில் நிற்கிறார்கள். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றி ஏரி வெள்ளத்திலே விட்டதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

நான் ஓர் ஆசிரியன். பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, என் வகுப்பிலே முதல் வரிசையில் ஒரு மாணவி இருந்தாள். கணக்கிலே கெட்டிக்காரி. ஆண்டின் நடுவிலே, அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில், அவர்களுடைய ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்தார்கள். இரண்டு வாரம் வந்தாள். இருட்டிலே புறப்பட்டு, இரண்டு பேருந்து மாறி, முதல் பாடவேளை முடிந்தபின் வந்து சேர்ந்தாள். “தாமதம் ஏன்?” என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. மூன்றாம் வாரம் அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டிலே அவள் பெயருக்கு நேரே நாள்தோறும் ‘வரவில்லை’ என்று குறித்தவன் நான். அவளை வரவிடாமல் செய்த தூரத்தைக் குறிக்க அந்தப் பதிவேட்டிலே கட்டம் இல்லை.

* * *

இதற்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அங்கேதான் தோழர்களே, நம் சிந்தனை செல்ல வேண்டும். தூரத்துக்கு எரிபொருள் வேண்டும்! சாதி எவ்வளவு தூரம் தள்ளுகிறதோ, அவ்வளவு எண்ணெய் எரிகிறது.

கணக்குப் போடுவோம். வீடு இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால், போக வர ஐம்பது கிலோமீட்டர். மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் 1,250 கிலோமீட்டர். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டிக்கு 25 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் 2,500 ரூபாய். வேலைக்கு நடந்து போன மனிதன், இன்று வேலைக்குப் போவதற்காகவே வேலை செய்கிறான்! அவன் விட்ட புகை யார் கணக்கில் சேரும்? அவன் கணக்கிலா, அவனைத் தள்ளிவிட்டவன் கணக்கிலா?

இப்பொழுது மற்றொரு காட்சி. தோட்டம் சூழ்ந்த பங்களா. மாடியிலே சோலார் தகடு. வாசலிலே மின்சாரக் கார். “பாருங்கள், நாங்கள் தூய ஆற்றலுக்கு மாறிவிட்டோம்!” என்று பூரிக்கிறார் சீமான். மகிழ்ச்சி. ஆனால் அந்த மின்சாரக் கார் ஐம்பது கிலோமீட்டர் ஓட ஏழு, எட்டு யூனிட் வேண்டும். நூறு யூனிட்டில் இரண்டு திங்கள் வாழும் ஏழைக் குடும்பத்துக்கு அது நான்கு நாள் மின்சாரத்துக்கும் அதிகம். அவர் எரிபொருளை மாற்றினார், வாழ்க்கையை மாற்றவில்லை. அவர் வீட்டுக்குப் பின்தெருவிலிருந்து நடந்துவந்து பாத்திரம் துலக்கியவளோ, எந்த எரிபொருளையும் எரிக்காதவள். நாட்டிலேயே தூய்மையான பயணம் அவளுடையது. நடந்தவளுக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பட்டம் சூட்டி வெளியேற்றினார்கள். கார் வாங்கியவருக்குச் சுற்றுச்சூழல் காவலர் என்று பட்டம்!

சரி, சீமானின் தகடு இரவிலே மின்சாரம் தருமா? தராது. குளிர்சாதனப் பெட்டி இரவெல்லாம் ஓட வேண்டும். அப்பொழுது மின்கம்பி வழியே வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியால் கிடைப்பதே. அந்த நிலக்கரி எரிவது போட் கிளப் சாலையிலா? இல்லை! எண்ணூரிலே எரிகிறது, அத்திப்பட்டிலே எரிகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. ஆனால் சுற்றிலும் வேறு நிலையங்கள் எழுந்துவிட்டன. 2024இல்கூட அத்திப்பட்டிலே 800 மெகாவாட் புதிய அலகு ஒன்று தொடங்கிவைக்கப்பட்டது. குழாய் கசிந்து கொசத்தலை ஆற்றிலே சாம்பல் படிந்ததையும், எண்ணூர்க் கழிமுகத்திலே மீனவன் வலையில் சேறு ஏறியதையும் நாடறியும். தென்சென்னை குளிர வடசென்னை சாம்பல் சுமக்கிறது. உழைப்பாளிகளை ஒரு பக்கம் தள்ளினார்கள்; புகையை உழைப்பாளிகள் இருக்கும் பக்கம் தள்ளினார்கள். இரண்டையும் தள்ளிய கை ஒன்றே.

* * *

“நகருக்குள்ளே இத்தனை பேரை அடைத்தால் நெருக்கம் தாங்குமா? நோய் வராதா? நீர் போதுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. விடை சொல்வோம்.

நெருக்கம் வேறு, நெருக்கடி வேறு. ஓர் அறையிலே எட்டுப் பேர் முடங்குவது நெருக்கடி. ஓர் ஏக்கரிலே பல மாடி எழுப்பி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் காற்றும் ஒளியும் கழிப்பறையும் உள்ள வீடு தருவது நெருக்கம். முன்னது கொடுமை, பின்னது நாகரிகம். நெருங்கி வாழும் இடத்தில் ஒரு வீட்டுக்கு வேண்டிய குடிநீர்க் குழாய் குறைவு, சாக்கடை குறைவு, மின்கம்பி குறைவு. நிறையப் பேர் ஏறுவதால் பேருந்து அடிக்கடி வரும். சிதறி வாழும் செல்வர்களின் ஒவ்வொரு பங்களாவுக்கும் நீண்டு ஓடும் குழாய்க்கும் கம்பிக்கும் சாலைக்கும் ஊரார் வரிப்பணமே செலவு.

நெருக்கம் ஆகாது என்போர் உண்மையிலேயே அதை வெறுக்கிறார்களா? 2019இல் வந்த கட்டட விதிகளைப் பாருங்கள். சாதாரணக் கட்டடத்துக்கு மனையின் பரப்பைப் போல் இருமடங்குத் தளப்பரப்பு. உயர்ந்த கட்டடத்துக்கு 3.25 மடங்கு, கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் உண்டு! பணம் கட்டி எழும் நெருக்கத்துக்கு வளர்ச்சி என்று பெயர். பணமில்லாதவன் நெருங்கி வாழ்ந்தால் அதற்குக் குப்பம் என்று பெயர். அதே விதிகளில் காருக்கும் இடம் உண்டு: 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஏறத்தாழ 135 சதுர அடி. காருக்கு இத்தனை அடி என்று கண்டிப்போடு கேட்கும் கோப்பு, அந்தக் காரைக் கழுவுகிறவன் இரவு எங்கே படுக்கிறான் என்று அதே கண்டிப்போடு கேட்டதுண்டா?

“அடுக்குமாடியில் ஆயிரம் பேர், மொட்டை மாடியோ ஒன்று, சோலார் தகடு போதாதே!” என்பது அடுத்த வாதம். போடுவோம் கணக்கை. எட்டு மாடி, ஒவ்வொரு வீடும் நானூறு சதுர அடி. மேலே உள்ள மாடியில் ஒரு வீட்டின் பங்கு ஐம்பது சதுர அடி. அது அரை கிலோவாட். நாளொன்றுக்கு இரண்டு யூனிட். இரு திங்களுக்கு 120 யூனிட். தண்ணீர்த் தொட்டிக்கும் லிப்ட் அறைக்கும் பாதி இடம் போனாலும் 60 யூனிட் மிஞ்சும். விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் உள்ள எளிய குடும்பத்தின் தேவையில் பெரும்பங்கு அது. மீதியைக் காற்றாலை தரட்டும். பொதுமாடியில் விளையும் மின்சாரத்தைப் பல குடும்பங்களின் கணக்கிலே பங்கிட்டு வரவு வைக்கும் முறைக்கு 2019லேயே தில்லியில் விதி வகுத்தார்கள். முடியாததன்று, மனமில்லாததே.

“பசுமை வேண்டுமானால் கிராமத்துக்குத் திரும்புங்கள்” என்று உபதேசிக்கும் கூட்டமும் உண்டு. தோட்டம், துரவு, ஓட்டு வீடு, ஓலைச்சுவடி என்று உருகுவார்கள். 1948 நவம்பர் 4ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையிலே அண்ணல் அம்பேத்கர் இந்தக் கிராமப் பக்தியைக் கிழித்தெறிந்தார். கிராமம் என்ற அமைப்பே வருணாசிரமத்தின் வார்ப்பு, அது மாறியாக வேண்டும் என்று தந்தை பெரியார் பேசினார். தன்னை யாரென்று எவரும் கேட்காத தெருவைத் தேடித்தான் ஒடுக்கப்பட்டவன் நகரத்துக்கு ஓடிவந்தான். ஓடிவந்தவனை மீண்டும் வெளியே துரத்திவிட்டுப் பசுமை பேசுவது, பச்சை வண்ணம் பூசிய பழைய சனாதனம்.

* * *

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வச் செருக்குள்ள அமெரிக்காவிலும் இதே கதைதான். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 1916இல் ஒரு விதி செய்தது: குறிப்பிட்ட பகுதியிலே ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடுதான்! வெளியே சொன்ன காரணம் அமைதி, அழகு. உள்ளே இருந்த காரணம், கறுப்பர் அண்டக்கூடாது என்பது. அடுத்த ஆண்டே, நிறத்தைச் சொல்லித் தெருவைப் பிரிக்கும் சட்டம் செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ன செய்தார்கள்? நிறம் என்ற சொல்லைக் கைவிட்டார்கள். ‘ஒற்றை வீடு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1926இல் அதே உச்சநீதிமன்றம், ஒற்றை வீடுகளுக்கிடையே எழும் அடுக்குவீட்டை ஒட்டுண்ணி என்றே வருணித்து, அத்தகைய விதிகளுக்கு ஒப்புதல் தந்தது. விளைவு? ஏழை தொலைவிலே, வேலை நகரிலே, நடுவிலே முடிவில்லாத கார் வரிசை. இன்று அந்த நாடு புகையைக் குறைக்க வழி தேடுகிறது. நூறாண்டுக்கு மேல் கடந்து, 2021இல் பெர்க்லி நகரமன்றம் தன் பழைய விதியின் இனவெறியை ஒப்புக்கொண்டு, அதனை ஒழிக்கத் தீர்மானித்தது. அங்கே நிறத்தின் பெயரால் நடந்தது; இங்கே சாதியின் பெயரால் நடக்கிறது. தூரம் ஒன்றே, புகையும் ஒன்றே.

* * *

பிறரைச் சாடிவிட்டு நம்மை மறந்துவிடுவது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. 1970இல், கலைஞர் ஆட்சியிலே, குடிசை மாற்று வாரியம் பிறந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பது அன்றைய எண்ணம். நொச்சிக்குப்பத்திலே, கடற்கரையை விட்டு மீனவனை அகற்றாமல், கடலைப் பார்த்தபடியே அடுக்குவீடுகள் எழுந்தன. அது புரட்சி! ஆனால் 2000க்குப் பிறகு, எந்தக் கட்சி ஆண்டபோதும், ‘இருந்த இடத்திலே’ என்ற கொள்கை தளர்ந்து, ‘தொலைவிலே’ என்பது வழக்கமாயிற்று. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. பெயர் மாறியது நன்று. திசை மாறட்டும் என்கிறோம். நம் இயக்கத்தின் பெயரைச் சொல்லும் ஆட்சிகளே ஊருக்கு வெளியே சேரி கட்டின என்ற பழியை நாம் சுமக்கலாமா?

நல்ல தொடக்கங்களும் உண்டு. 2021 முதல் பெண்கள் சாதாரண நகரப் பேருந்திலே கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். 2025இல் சென்னையிலே மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மெட்ரோ இரண்டாம் கட்டம், 63,246 கோடி ரூபாயில், 119 கிலோமீட்டர் அளவுக்கு விரிகிறது. ஆனால் அந்த நிலையங்களின் அருகிலே யார் குடியிருப்பார்கள்? நிலையம் வரும் என்ற செய்தி கேட்டவுடனே வாடகை ஏறுகிறது. ஏழை இன்னும் ஒரு படி வெளியே தள்ளப்படுகிறான். மக்கள் வரிப்பணத்திலே ஓடும் வண்டி, மக்களைத் துரத்தும் வண்டியாகிவிடக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது இது. நகருக்குள் உள்ள அரசு நிலத்திலே, அந்த நகரத்துக்கு உழைப்பவனுக்கு முதல் உரிமை வேண்டும். மெட்ரோ நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவிலே எழும் வீடுகளில், எளியோருக்கு உறுதியான பங்கு வேண்டும். அகன்ற சாலையும் அகன்ற தோட்டமும் உள்ள பகுதிகளும் தங்கள் பங்குக்கு நெருக்கத்தை ஏற்க வேண்டும். வாரியத்தின் ஒவ்வொரு கட்டடத்தின் மாடியிலும் சோலார் தகடு வேண்டும். அதன் விளைச்சல் அங்கே வாழும் குடும்பங்களின் மின்கணக்கிலே சேர வேண்டும். எண்ணூர் மண்ணிலே இனி ஒரு பிடி சாம்பலும் விழக்கூடாது. பள்ளி நடக்கும் ஆண்டின் நடுவிலே எந்தக் குழந்தையின் வீடும் இடிக்கப்படக்கூடாது.

இளைஞர்களே! அடுத்த முறை உங்கள் தெருவிலே தூய ஆற்றல் பற்றிய விழா நடக்கும். மேடையிலே சூரியனுக்கு மந்திரமும் ஓதுவார்கள். கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் தகடு யார் மாடியிலே? இங்கே உழைப்பவன் இரவிலே எங்கே? அவன் வந்துசேர எத்தனை கிலோமீட்டர்? விடை சொல்லட்டும்.

என் வகுப்பிலே அந்த முதல் வரிசை இடம் நெடுநாள் காலியாகவே இருந்தது. சன்னல் வழியே காலை வெயில் நேராக அந்தப் பலகையின்மேல் விழும். வெயில் தவறாமல் வந்தது, அவள்தான் வரவில்லை. அவளை மீண்டும் நகருக்குள் கொண்டுவரும் அரசியல் எதுவோ, அதுவே தூய ஆற்றலின் அரசியல்.